காட்டுப்போர்ப் படச்சுருள்களில் எதிரி ஏன் கண்ணில் படுவதில்லை?

வியட்நாம் போர்க் காட்சிகளை இணையத்தில் தேடிப் பார்த்தவர்களுக்கு ஒரு வரிசை மனப்பாடமாகவே இருக்கும். பழுப்புத் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஒரு பச்சைப் படகு போகும். மார்பளவு தண்ணீரில், துப்பாக்கியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி அமெரிக்க இளைஞர்கள் வாய்க்காலைக் கடப்பார்கள். ஒருவர் தூரத்து மரக்கூட்டத்தைப் பார்த்துச் சடசடவெனச் சுடுவார். ஹெலிகாப்டர் இறங்கும், புல் சாயும், யாரையாவது ஏற்றிக்கொண்டு கிளம்பும். அரைமணி நேரம் பார்த்த பிறகு ஒரு கேள்வி உறுத்த ஆரம்பிக்கும். இவ்வளவு சுடுகிறார்களே, யாரைச் சுடுகிறார்கள்? எதிரில் இருப்பவர் ஒருமுறைகூடக் கண்ணில் படவில்லையே?

யாரோ வெட்டி எடுத்துவிட்டார்கள் என்று முதலில் தோன்றும். ஆனால் வியட்நாமில் அமெரிக்கச் செய்தியாளர்களுக்கு முறையான தணிக்கை கிடையாது. படை நகர்வுகளை முன்கூட்டியே வெளியிடக்கூடாது என்பது போன்ற சில நிபந்தனைகளுக்கு ஒப்புக்கொண்டால் போதும். காரணம் வேறு. கேமராவுக்கு வெளிச்சமும் வெட்டவெளியும் வேண்டும். அந்தப் போரோ பெரும்பாலும் இருட்டிலும் மறைவிலும் நடந்தது. இரண்டும் ஒன்றையொன்று சந்தித்த இடங்கள் மட்டும்தான் இன்று நமக்குப் படச்சுருளாக மிஞ்சியிருக்கின்றன. எந்தெந்த இடங்கள் அவை, அங்கே என்ன பார்க்கிறோம் என்பதைப் புதிதாகப் பார்ப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

படம் எடுத்தவர்கள் யார்?

ஆவணக் காட்சி வேறு, ஆவணப்படம் வேறு. ஆவணப்படத்தில் ஓர் இயக்குநர் இருப்பார், கதை இருக்கும், பின்னணிக் குரல் இருக்கும். ஆவணக் காட்சி என்பது அதற்கு முந்தைய கச்சாப் பொருள். ஒரு கேமராக்காரர் ஒரு நாளில் ஓட்டிய சுருள், வெட்டாமல் ஒட்டாமல், எடுத்த வரிசையிலேயே இருக்கும். நடுவே குவியம் தவறிய காட்சி வரும், ஒரு சிப்பாய் கேமராவைப் பார்த்துச் சிரிப்பார், யாரோ குறுக்கே நடந்து போவார்கள். ஆவணப்படக்காரர்கள் இதையெல்லாம் தூக்கி எறிந்துவிடுவார்கள். எனக்கு அந்தத் தூக்கி எறியும் பகுதிதான் பிடிக்கும். சிப்பாய்கள் எப்படி உட்கார்ந்தார்கள், எதைத் தின்றார்கள், பயந்திருந்தார்களா, சலித்துப்போயிருந்தார்களா என்பதெல்லாம் அதில்தான் தெரியும்.

வியட்நாமில் கேமரா பிடித்தவர்கள் மூன்று வகை. முதல் வகை ராணுவத்தின் சொந்தக் கேமராக்காரர்கள். அமெரிக்கத் தரைப்படை 1962இல் இதற்கென்றே ஒரு சிறப்புப் படப்பிரிவை உருவாக்கியது. அதன் ஆங்கிலச் சுருக்கப் பெயர் டாஸ்போ. ஹவாயிலிருந்து சிறு சிறு குழுக்கள் சில மாதங்களுக்கு வியட்நாம் வந்து, படமெடுத்துவிட்டுத் திரும்பும். இது தவிர 221ஆவது சிக்னல் கம்பெனி என்ற படப்பிடிப்பு அணியும் இருந்தது. கடற்படை, மரைன் படை, விமானப்படை எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கேமராக்காரர்கள். அமெரிக்கப் பாதுகாப்புத் துறைத் தலைமையகமான பென்டகனுக்குத் தகவல், பயிற்சிப் படங்கள், வருங்காலத்துக்கான பதிவு, கொஞ்சம் விளம்பரம் என்று இவர்கள் எடுத்ததற்குப் பல நோக்கங்கள்.

இரண்டாவது வகை, சி.பி.எஸ்., என்.பி.சி., ஏ.பி.சி. போன்ற தொலைக்காட்சி நிறுவனங்களின் குழுக்கள். எடுத்த சுருள் தெற்கு வியட்நாமின் தலைநகரான சைகோனிலிருந்து விமானம் ஏறி அமெரிக்கா போய்ச் சேர்ந்து, கழுவித் தொகுத்து ஒளிபரப்பாகப் பெரும்பாலும் ஓரிரு நாளாவது ஆகிவிடும். ‘தொலைக்காட்சியில் நேரடியாகப் பார்த்த போர்’ என்று வியட்நாமைச் சொல்கிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

மூன்றாவது வகை அந்தப் பக்கத்துக் கேமராக்காரர்கள். அமெரிக்காவையும் தெற்கு வியட்நாம் அரசையும் எதிர்த்துப் போரிட்ட வட வியட்நாமுக்கும், அதே பக்கம் நின்று தெற்கில் இயங்கிய விடுதலை முன்னணிக்கும் சொந்தப் படக்குழுக்கள் இருந்தன. அவர்களுக்குப் பிலிம் கிடைப்பதே அரிது. அதனால் ஒரு காட்சியைத் தேவைக்கு மேல் ஒரு நொடிகூட ஓட்டமாட்டார்கள். அமெரிக்கச் சுருள்களில் இல்லாத ‘எதிரி’ இந்தச் சுருள்களில் முகமும் சிரிப்புமாக இருக்கிறார். இங்கே அமெரிக்கர்கள்தான் கண்ணில் படமாட்டார்கள், அல்லது வானத்தில் ஒரு புள்ளியாக வருவார்கள்.

கேமரா செய்யக்கூடியது, முடியாதது

பயன்பட்டது பெரும்பாலும் 16 மில்லிமீட்டர் பிலிம். 100 அடிச் சுருள் ஒன்று வழக்கமான வேகத்தில் 3 நிமிடம்கூட ஓடாது. பெல் அண்ட் ஹோவெல் ஃபில்மோ போன்ற கேமராக்களுக்குப் பேட்டரியும் கிடையாது. சாவி கொடுத்து ஸ்பிரிங்கை முறுக்கவேண்டும். ஒருமுறை முறுக்கினால் அரை நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஓடும், அப்புறம் மறுபடி முறுக்கவேண்டும். ஆரிஃபிளெக்ஸ் பேட்டரியில் ஓடும், ஆனால் பேட்டரியையும் சேர்த்துச் சுமக்கவேண்டும். பழைய சுருள்களில் ஒவ்வொரு காட்சியும் ஐந்து, பத்து நொடியில் முடிந்துவிடுவது ரசனை சார்ந்த விஷயம் அல்ல. சுருள் தீர்ந்துவிடுமே என்ற கணக்கு. மாற்றும்போது ஏதாவது நடந்தால் போச்சு.

அடுத்தது வெளிச்சம். அன்றைய வண்ணப் பிலிம்களுக்கு நிறைய வெளிச்சம் தேவை. மூன்றடுக்கு மரக்கிளைகள் மூடிய காட்டுக்குள் நண்பகலிலேயே மங்கலாக இருக்கும். அங்கே எடுத்தால் கரும்பச்சைக் குழம்பாகத்தான் வரும். அதனால் ‘காட்டுப்போர்’ என்ற தலைப்பில் நாம் பார்க்கும் காட்சிகளில் கணிசமானவை காட்டுக்குள் எடுத்தவையே அல்ல. காட்டின் ஓரம், ஹெலிகாப்டர் இறங்கும் வெட்டவெளி, வயல், ஆற்றங்கரை, ரப்பர்த் தோட்டம் ஆகியவைதான் அதிகம். இரவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இருட்டில் கோடு போடும் ஒளிக்குண்டுகளையும், வானத்தில் மிதந்து இறங்கும் வெளிச்சக் குண்டுகளையும் தவிர வேறெதுவும் பதியாது.

சத்தமும் அப்படித்தான். ராணுவக் கேமராக்காரர்கள் எடுத்தவற்றில் பெரும்பகுதி ஊமைப்படம். இணையத்தில் அதே காட்சி தடதடவென வெடிக்கிறது என்றால், யாரோ பிறகு சேர்த்த சத்தம். இதைக் கண்டுபிடிக்க ஒரு சின்னச் சோதனை உண்டு. ஒலி நொடிக்கு 340 மீட்டர் வேகத்தில் வருகிறது. 350 மீட்டர் தள்ளி விழும் குண்டின் புகை முதலில் தெரிந்து, ஒரு நொடி கழித்துத்தான் சத்தம் கேட்கவேண்டும். புகையும் சத்தமும் கைகோத்துக்கொண்டு வந்தால் அது தொகுப்பு மேசையில் பிறந்த சத்தம். தொலைக்காட்சிக் குழுக்களிடம் ஒலியோடு பதியும் கேமரா இருந்தது. ஆனால் அது கனம், தூக்க ஓர் ஆள், ஒலி பார்க்க இன்னோர் ஆள், இருவரையும் இணைக்க ஒரு கம்பி. சதுப்பில் இப்படி ஓடிப் பாருங்கள்.

ஆறு: கேமராவுக்குக் கிடைத்த வெட்டவெளி

இப்போது ஆற்று ரோந்துக் காட்சிகள் ஏன் இவ்வளவு நிறைய, இவ்வளவு தெளிவாகக் கிடைக்கின்றன என்பது புரியும். ஆற்றின் மேல் மரம் இல்லை, வெயில் அடிக்கிறது, படகில் கேமராவை ஊன்ற இடம் இருக்கிறது, சுமக்கவும் வேண்டாம்.

இடம் மேகாங் கழிமுகம். சைகோனுக்குத் தெற்கே, நதி பல கிளைகளாகப் பிரிந்து கடலில் கலக்கும் தட்டைச் சமவெளி. தெற்கு வியட்நாமின் நெற்களஞ்சியம் அது, மக்கள்தொகையில் ஏறக்குறைய பாதி அங்கேதான். சாலை குறைவு, ஆறும் வாய்க்காலும்தான் தெரு. அரிசி, கோழி, தேங்காய், மணமகள், சவப்பெட்டி எல்லாம் படகில்தான் போகும். துப்பாக்கியும் அதே படகில்தான் போகும். அமெரிக்கக் கடற்படையின் தலைவலி அதுதான்.

கடலோரத்தைக் காவல் காக்க 1965இல் ஒரு நடவடிக்கை தொடங்கியது. உள்நாட்டு ஆறுகளுக்கான ரோந்துப் படை அதே ஆண்டு டிசம்பரில் அமைந்தது, படகுகள் 1966 மார்ச்சில் வந்திறங்கின. பி.பி.ஆர். என்று எல்லோரும் சொல்லும் அந்தப் படகுதான் நாம் திரும்பத் திரும்பப் பார்ப்பது. ஏறக்குறைய 9.5 மீட்டர் நீளம், கண்ணாடியிழை உடல், 4 பேர் கொண்ட குழு. முன்னால் ஒரு தொட்டிக்குள் இரட்டைக் கனரகத் துப்பாக்கி, பின்னால் ஒன்று. அடியில் சுழலும் காற்றாடி கிடையாது. தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சும் ஜெட் பம்பு. அதனால் முழங்கால் ஆழத்துக்குச் சற்று மேல் தண்ணீர் இருந்தாலே ஓடும், நின்ற இடத்தில் திரும்பும். சுருள்களில் படகு வேகமாக வந்து சட்டென வட்டமடித்து நிற்கும் காட்சி வந்தால், கேமராவுக்காகக் கொஞ்சம் பெருமை காட்டுகிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஜெட்டுக்கும் ஒரு பலவீனம் உண்டு. ஆகாயத்தாமரை போன்ற களையும் குப்பையும் உறிஞ்சு வாயில் அடைத்துக்கொள்ளும். யாராவது ஒருவர் படகின் பின்பக்கம் குனிந்து எதையோ பிடுங்கிக்கொண்டிருந்தால் அதுதான் விஷயம்.

இந்தச் சுருள்களில் மிகவும் கவனித்துப் பார்க்கவேண்டியது சண்டைக் காட்சி அல்ல, சோதனைக் காட்சி. இரண்டு ரோந்துப் படகுகள் சேர்ந்தே போகும். நடு ஆற்றில் ஒரு சம்பானை, அதாவது கிராமத்து மரப்படகை, நிறுத்தச் சொல்வார்கள். ஒரு படகு அருகே போகும், மற்றது தள்ளி நின்று துப்பாக்கியைக் கரைப்பக்கம் திருப்பி வைத்திருக்கும். கரைக்குப் பக்கத்தில் சோதனை செய்யமாட்டார்கள், காரணம் சொல்லத் தேவையில்லை. சம்பானில் பெரும்பாலும் ஒரு குடும்பம். கூம்புத் தொப்பி போட்ட அம்மா துடுப்பைப் பிடித்தபடி இருப்பார். ஒரு பெரியவர் சட்டைக்குள்ளிருந்து பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக மடித்த அடையாள அட்டையை எடுத்து நீட்டுவார். ரோந்துப் படகில் பல நேரம் ஒரு வியட்நாம் போலீஸ்காரரும் இருப்பார், அட்டையை வாங்கிப் பார்ப்பவர் அவர்தான், மொழி தெரிந்தவரும் அவர் ஒருவர்தான். இதற்குள் ஒரு மாலுமி குனிந்து மூட்டையைத் தூக்கிப் பார்ப்பார், பலகையைத் தட்டிப் பார்ப்பார், நெல்லுக்குள் கம்பியை விட்டுத் துழாவுவார். குழந்தைக்கு யாராவது மிட்டாய் நீட்டுவார்கள். அந்தக் குழந்தை வாங்குகிறதா, அம்மாவின் முகத்தைப் பார்க்கிறதா என்று கவனியுங்கள். பிறகு கையசைத்து அனுப்பிவிடுவார்கள்.

அவ்வளவுதான். எதுவும் கிடைக்காது. நூறு சோதனையில் பெரும்பாலும் இதுதான் நடக்கும். கடற்படையின் கணக்குப்படி 1967இல் மட்டும் இப்படி 4,00,000 படகுகளுக்கு மேல் ஏறிச் சோதித்திருக்கிறார்கள். எதிரில் இருப்பது மீனவரா, இரவில் துப்பாக்கி கடத்துபவரா, அல்லது பகலில் அது இரவில் இதுவா என்பது சோதிப்பவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. ஆக, நாம் தேடிய எதிரி ஒருவேளை இந்தக் காட்சியில் இருக்கலாம், சிரித்த முகத்தோடு அட்டையை நீட்டிக்கொண்டு.

இவ்வளவு சோதனையின் தடம் படகிலேயே விழுந்தது. பக்கத்தில் வந்து அணைந்த சம்பான்கள் உரசி உரசிக் கண்ணாடியிழை விளிம்பு தேய்ந்துபோனது. பிறகு வந்த இரண்டாம் வகைப் படகுகளில் விளிம்புக்கு அலுமினியப் பட்டை அடித்தார்கள். சுருளில் அந்தப் பட்டை தெரிந்தால், அது முதல் கட்டத்துப் படகு அல்ல.

சண்டை எப்போது நடந்தது? பெரும்பாலும் இருட்டிய பிறகு. இரவில் ஆற்றில் யாரும் போகக்கூடாது என்று ஊரடங்கு இருந்தது, அப்போது நகரும் படகு எதிரியின் படகு என்று எடுத்துக்கொள்வார்கள். ரோந்துப் படகு இன்ஜினை அணைத்துவிட்டு, நீரோட்டத்தில் மிதந்தபடி காத்திருக்கும். 1966 அக்டோபர் 31 அன்று ஜேம்ஸ் எலியட் வில்லியம்ஸ் என்ற படகுத் தலைவர் இரண்டு படகுகளோடு போய், எதிர்பாராமல் ஒரு பெரிய படையின் நடுவே மாட்டிக்கொண்டார். சண்டை சுமார் மூன்று மணி நேரம் நீண்டது. நன்றாக இருட்டிவிட்டது. எதிரிக்கு இன்னும் சுலபமான இலக்காகிவிடுவோம் என்று தெரிந்தும் தேடுவிளக்கைப் போடச் சொன்னார். அமெரிக்காவின் மிக உயரிய படை விருதான மெடல் ஆஃப் ஆனர் அவருக்குக் கிடைத்தது. இது போன்ற இரவுகளை 16 மில்லிமீட்டர் பிலிமில் பிடிக்க வழியே இல்லை. நாம் பார்ப்பது மறுநாள் காலை, துளை விழுந்த படகை ஒருவர் விரலால் காட்டுவதை.

சேற்றில் காலாட்படை

ஆற்றுக் காட்சிகளில் இன்னொரு வகைப் படகும் வரும். பெட்டி மாதிரி, மெதுவாக, அசிங்கமாக, சுற்றிலும் இரும்புக் கம்பிகளை வரிசையாகக் கட்டிவைத்தது மாதிரி. அது ரோந்துப் படகு அல்ல. பழைய தரையிறக்கு படகைக் கவசம் போட்டு மாற்றியது. அந்தக் கம்பிகள் அலங்காரமல்ல. கரையிலிருந்து வரும் ராக்கெட் குண்டு முதலில் கம்பியில் மோதி வெளியிலேயே வெடித்துவிட வேண்டும், உள்ளே துளைக்கக்கூடாது என்பதற்காக. ஒரு படகில் ஒரு பிளாட்டூன், சுமார் 40 சிப்பாய்கள் போவார்கள். 1967இல் தரைப்படையின் 9ஆவது காலாட்படைப் பிரிவின் ஒரு பிரிகேடும் கடற்படைப் படகுகளும் சேர்ந்து, மிதக்கும் கப்பல்களையே முகாமாக வைத்துக்கொண்டு இயங்கின. இவர்களுக்கான தரைத்தளம் மீ தோ நகருக்கு அருகில் இருந்த டோங் டாம். கழிமுகத்தில் காய்ந்த நிலம் ஏது? ஆற்று மணலைத் தோண்டி இறைத்துக் கொட்டித்தான் அந்த இடத்தையே உண்டாக்கினார்கள்.

இது ஒன்றும் அமெரிக்கர்களின் புது யோசனை அல்ல. 1946 முதல் 1954 வரை, அங்கே தங்கள் ஆட்சியைக் காப்பாற்றப் போரிட்ட பிரெஞ்சுக்காரர்கள் அதே ஆறுகளில் அதே போலக் கவசப் படகுக் குழுக்களை வைத்திருந்தார்கள். அந்தக் காலத்துக் கறுப்பு வெள்ளைச் சுருள்களையும் இவற்றையும் அடுத்தடுத்துப் பார்த்தால், நிறத்தையும் தொப்பியையும் தவிரப் பெரிய வித்தியாசம் தெரியாது.

படகு கரையில் முட்டும், முன்கதவு இறங்கும், சிப்பாய்கள் இறங்கி ஓடுவார்கள். கேமராவுக்கு இது அருமையான காட்சி, அதனால் நிறைய இருக்கிறது. அடுத்த சில மணி நேரத்தில் நடப்பதுதான் குறைவாகப் பதிந்திருக்கிறது. முழங்காலளவு சேறு, ஒரு காலைப் பிடுங்கி வைப்பதற்குள் மறு கால் புதையும். வரப்பில் நடந்தால் எளிது, ஆனால் கண்ணிவெடியை வைப்பதும் வரப்பில்தான். அதனால் வயலுக்குள்ளேயே நடப்பார்கள். ஆளுக்கு ஆள் சில மீட்டர் இடைவெளி, ஒரு வெடியில் இருவர் போகக்கூடாது என்பதற்காக. நெருங்கிக் கூட்டமாக நடக்கும் காட்சி வந்தால் ஒன்று பாதுகாப்பான இடம், அல்லது கேமராக்காரர் எல்லோரும் படச்சட்டத்துக்குள் வரட்டும் என்று கேட்டிருப்பார். வரிசையின் முன்னால் போகிறவர் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார், தூரத்தை அல்ல. நீளமான ஏரியல் ஆடும் ரேடியோவை முதுகில் சுமப்பவருக்கு அருகில் இருப்பவர் அதிகாரி. மறுபக்கத்தில் மறைந்திருப்பவருக்கும் இது தெரியும், அதனால் அந்த ஏரியலை மடக்கி வைக்கும் வழக்கமும் இருந்தது.

ஓய்வெடுக்கும் காட்சியில் பூட்ஸைக் கழற்றிப் பாதத்தைப் பார்ப்பார்கள். சும்மா இல்லை. தொடர்ந்து தண்ணீரில் ஊறிய பாதம் வெளுத்து, சுருங்கி, தோல் உரிந்து நடக்க முடியாமல் ஆகிவிடும். 9ஆவது பிரிவில் குண்டுக்காயத்தோடு போட்டி போடும் அளவுக்கு இது ஆட்களைப் படுக்கவைத்தது. சுமார் இரண்டு நாளுக்கு மேல் சேற்றில் விடக்கூடாது, பிறகு கரையேற்றிக் காயவிட வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்ல, நடவடிக்கைகளையே அதற்கேற்பத் திட்டமிட்டார்கள். போர்த்திட்டத்தை எதிரி மட்டுமல்ல, பாதத் தோலும் தீர்மானித்தது.

அப்புறம் அந்த மரக்கூட்டத்தைப் பார்த்துச் சுடும் காட்சி. வயலுக்கு நடுவே சிப்பாய்கள் போகும்போது மறுகரை மரங்களுக்குள்ளிருந்து சிலர் சுடுவார்கள். இவர்கள் படுத்துக்கொண்டு அந்தத் திசையில் சுடுவார்கள், பீரங்கியையும் ஹெலிகாப்டரையும் கூப்பிடுவார்கள். போய்ப் பார்த்தால் காலி பதுங்குகுழி. எப்போது சண்டை, எங்கே சண்டை, எப்போது நிறுத்துவது என்பதைப் பெரும்பாலும் எதிர்த்தரப்புதான் முடிவு செய்தது என்று அமெரிக்க ராணுவத் தலைமையின் சொந்த ஆய்வுகளே ஒப்புக்கொண்டன. சிப்பாய் எதிரியைப் பார்க்காமலேயே சுட்டார் என்றால், அவர் பின்னால் படுத்திருந்த கேமராவுக்கு மட்டும் எப்படித் தெரியும்?

காலாட்படைச் சுருள்களில் ஊர்மக்கள் வரும் காட்சிகளைத் தனியாகச் சொல்லவேண்டும். 1967 ஜனவரியில் சைகோனுக்கு வடமேற்கே பென் சுக் என்ற ஊரைச் சுற்றி வளைத்து, சுற்றுவட்டாரத்தையும் சேர்த்துச் சுமார் 6,000 பேரை வெளியேற்றிவிட்டு, ஊரைப் புல்டோசர் விட்டுத் தரைமட்டமாக்கினார்கள். அதிகாரபூர்வக் குறிப்புகளில் இப்படிப்பட்ட காட்சிகளுக்கு ‘அகதிகளுக்கு உதவி’ என்ற தோரணையில் தலைப்பு இருக்கும். படத்தில் ஒரு கிழவி பானையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தலைப்பை நம்புவதா, பானையை நம்புவதா என்பதைப் பார்ப்பவர்தான் முடிவு செய்யவேண்டும்.

நடித்ததா, நடந்ததா?

முதலில் கேமரா எங்கே நிற்கிறது என்று பாருங்கள். சிப்பாய்கள் முன்னேறி வருகிறார்கள், கேமரா அவர்களுக்கு முன்னால் நிமிர்ந்து நின்று முகத்தை எடுக்கிறது என்றால், எதிரிப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு ஒருவர் நின்றிருக்கிறார். அங்கே அப்போது ஆபத்து இல்லை என்று பொருள். உண்மையான சண்டையில் கேமரா தரைமட்டத்தில் இருக்கும், பூட்ஸின் அடிப்பாகமும் புல்லும் பாதிப் படச்சட்டத்தை மறைக்கும்.

நடிக்கவைத்துப் படமெடுப்பதை எல்லாத் தரப்பும் செய்தது. 1954 மே 7 அன்று, பிரெஞ்சுப் படை தோற்றுச் சரணடைந்த தியன் பியன் ஃபூவில் பிரெஞ்சுத் தளபதியின் பதுங்குகுழி மேல் வியட்நாம் வீரர்கள் கொடியை அசைக்கும் புகழ்பெற்ற காட்சி, சண்டை முடிந்த பிறகு சோவியத் படக்காரர் ரோமன் கார்மனுக்காக மறுபடி நடித்துக் காட்டியது. வெற்றி உண்மை, கொடி உண்மை, அந்த நொடிதான் நடிப்பு. பொய் என்று ஒதுக்கிவிடவும் முடியாது, நடந்தபோதே எடுத்தது என்று காட்டவும் கூடாது.

இதற்கு நேர் எதிரான உதாரணம், 1965 ஆகஸ்ட்டில் டா நாங் அருகே காம் நே என்ற ஊரில் சி.பி.எஸ். குழு எடுத்தது. ஒரு மரைன் வீரர் சிகரெட் லைட்டரை நீட்டிக் கூரைக்குத் தீ வைப்பது வெகு அருகில், அலட்டல் இல்லாமல் பதிந்திருக்கிறது. செய்தியாளர் மோர்லி சேஃபர். கேமராவைப் பிடித்தவர் ஹா துக் கான் என்ற வியட்நாமியர். அமெரிக்க வீட்டுக் கூடங்களில் அது ஒளிபரப்பானபோது பெரிய கொந்தளிப்பு. இந்தக் காட்சியிலும் எதிரி இல்லை. கூரை இருக்கிறது, லைட்டர் இருக்கிறது, அழுகிற கிழவர்களும் குழந்தைகளும் இருக்கிறார்கள்.

எந்த வருடம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அசல் சுருளின் தொடக்கத்தில் ஒரு சிலேட்டு வரும். தேதி, இடம், படப்பிரிவு, எடுத்தவர் பெயர் என்று சாக்பீஸில் எழுதியிருப்பார்கள். அரை நொடியில் போய்விடும், அங்கே நிறுத்திப் படிக்கவேண்டும். இணையத்தில் ஏற்றுகிறவர்கள் முதலில் வெட்டி எறிவதும் அதைத்தான்.

சிலேட்டு இல்லையென்றால் துப்பாக்கியைப் பாருங்கள். மரைன்கள் கையில் மரக்கட்டை போட்ட நீளமான எம்-14 இருந்தால் பெரும்பாலும் 1967 வசந்தத்துக்கு முன்பு. அதன் பிறகுதான் கறுப்புப் பிளாஸ்டிக் உடம்புள்ள எம்-16 அவர்களுக்கு வந்தது. மரத்தையும் பாருங்கள். சைகோனுக்கும் கடலுக்கும் இடையில் ரங் சாட் என்ற அலையாத்திக் காடு. விமானத்திலிருந்து களைக்கொல்லி தெளிக்கும் நடவடிக்கை 1962 முதல் 1971 வரை நடந்தது. கரையில் மறைவிடம் இருக்கக்கூடாது என்பது கணக்கு. இருபுறமும் சாம்பல் நிறக் குச்சிகளாக அலையாத்தி நிற்கும் காட்சி வந்தால், அது தெளித்த பிறகு எடுத்தது. எதிரியைக் கண்ணுக்குத் தெரியவைக்கக் காட்டையே கொன்று பார்த்திருக்கிறார்கள். படகில் இருப்பவர்கள் எல்லோரும் வியட்நாமியர்களாக, படகு மட்டும் அமெரிக்க பி.பி.ஆராக இருந்தால், 1960களின் கடைசியில் படகுகளைத் தெற்கு வியட்நாமிடம் ஒப்படைக்கத் தொடங்கியதற்குப் பிந்தையது என்று ஊகிக்கலாம்.

நிறத்தை மட்டும் நம்பவேண்டாம். எல்லாம் ரோஜா நிறமாக இருந்தால் வியட்நாம் மாலைப்பொழுது அப்படி என்று அர்த்தமில்லை, பிரதியின் சாயம் வெளுத்துவிட்டது என்று அர்த்தம். பழைய அசிட்டேட் பிலிம் கெட்டுப்போகும்போது டப்பாவைத் திறந்தால் வினிகர் வாடை அடிக்கும். ஆவணக் காப்பகங்கள் சுருள்களைக் குளிரில் வைத்துப் பாதுகாப்பது அதற்காகத்தான்.

எங்கே தேடுவது?

அமெரிக்க ராணுவச் சுருள்கள் மேரிலாந்தின் காலேஜ் பார்க்கில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அங்கே எல்லாம் ‘பதிவுக் குழு’ எண்படி. தரைப்படை சிக்னல் பிரிவு 111, மரைன் படை 127, விமானப்படை 342, 1947க்குப் பிந்தைய கடற்படை 428. ஆற்று ரோந்து வேண்டுமென்றால் 428இல் தொடங்குங்கள், சேற்றில் நடக்கும் 9ஆவது பிரிவு வேண்டுமென்றால் 111இல். கொஞ்சம்தான் இணையத்தில் ஏறியிருக்கிறது, ஆனால் அந்தக் கொஞ்சமே பல மாதம் பார்க்கலாம். அமெரிக்க அரசு ஊழியர்கள் பணியின் பகுதியாக எடுத்தவற்றுக்கு அந்த நாட்டில் காப்புரிமை கிடையாது. யூடியூபில் பெரிய முத்திரை குத்தி விற்கப்படும் காட்சிகள் பலவும் அங்கே முத்திரை இல்லாமல் கிடைக்கும். தொலைக்காட்சி நிறுவனங்கள் எடுத்தவை அப்படி அல்ல, அவற்றுக்கு உரிமையாளர் உண்டு.

முடிந்தால் சுருளோடு சேர்த்துக் குறிப்புத் தாளையும் கேளுங்கள். காட்சி காட்சியாக என்ன எடுத்தோம் என்று கேமராக்காரர் எழுதி அனுப்பியது அது. இரண்டாம் உலகப் போரில் பர்மாக் காடுகளில் எடுத்த பிரிட்டிஷ் சுருள்களுக்கும் இதே போன்ற தாள்கள் லண்டனில் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் உண்டு. படத்தில் வெறும் மரக்கூட்டமாகத் தெரிவது எந்த ஊர், எந்த வாய்க்கால், அன்று அங்கே என்ன நடந்தது என்பது பல நேரம் அந்தத் தாளில்தான் இருக்கும். படத்தை ஒருமுறை தாள் இல்லாமலும் இன்னொரு முறை தாளை வைத்துக்கொண்டும் பாருங்கள்.